ஒரு செமஸ்டரில் எத்தனை புதுப் பாடம்?

ஒரு விரிவுரையாளர் நன்றாகப் படிப்பிக்கிறாரா இல்லையா என்று பேச்சு வந்தால் நாங்கள் உடனே ஆளைத்தான் எடைபோடுகிறோம். "அவருக்கு அக்கறையில்லை", "அந்த மிஸ் நல்லாப் படிச்சவ, ஆனா சொல்லித்தரத் தெரியாது", "இந்த சேருக்கு அது பிறவியிலேயே வந்தது". அக்கறையும் அறிவும் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முன்னர் அவருடைய நேரசூசியையும் அவர் மேசையில் கிடக்கும் விடைத்தாள் கட்டையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் ஒரு வருடம் அருமையாகவும் அடுத்த வருடம் மோசமாகவும் படிப்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று, வகுப்பில் 120 பேர். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியால விரிவுரை. ஆக 45 மணித்தியாலம். நேரசூசியில் கண்ணுக்குத் தெரிவது இந்த 45 மட்டும்தான். பாடம் புதிது என்றால் ஒரு மணித்தியால விரிவுரைக்கு மூன்று மணித்தியாலத் தயாரிப்புக் குறைந்தபட்சம் வேண்டும்: வாசிப்பதற்கு ஒன்று, குறிப்பும் ஸ்லைட்டும் செய்ய ஒன்று, உதாரணங்களையும் கணக்குகளையும் தானே செய்துபார்க்க ஒன்று. அது 135. இடைப்பரீட்சைத் தாளுக்கு ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 12 மணித்தியாலம், ஒப்படைக்குப் பத்து நிமிடம் என்றால் 20, இறுதிப் பரீட்சை விடைத்தாளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 30. வினாத்தாளும் புள்ளித்திட்டமும் எழுத 10. சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் 30. எல்லாவற்றையும் கூட்டினால் 282.

இதே பாடத்தை மூன்றாவது தடவையாகப் படிப்பிக்கும்போது தயாரிப்பு 45 மணித்தியாலத்துக்கு இறங்கிவிடும். மொத்தம் 192.

செமஸ்டரில் படிப்பிக்கும் கிழமை 15, படிப்பு லீவு ஒன்று, பரீட்சைக் கிழமை மூன்று என்று வைத்தால் 19 கிழமை. கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் 760 கிடைக்கும். மூன்று புதுப் பாடங்களைக் கொடுத்தால் 846 வேண்டும். இடமே இல்லை. ஆய்வு, கூட்டம், குழுவேலை ஒன்றையும் இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவுமில்லை. ஒரு புதுப் பாடமும் இரண்டு பழைய பாடமும் என்றால் 666. மிச்சம் 94, அதாவது கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் போல. அந்த ஐந்தில்தான் ஒருவரின் ஆய்வுக்கட்டுரையும் துறைக்கூட்டமும் மாணவர் ஆய்வேட்டு மேற்பார்வையும் நடக்க வேண்டும். ஆகவே ஒரு செமஸ்டரில் ஒரு புதுப் பாடத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்கக்கூடாது. விரிவுரையாளரின் செயற்திறனைப் பற்றி ஒரேயொரு விதிதான் எழுதலாம் என்றால் நாங்கள் இதைத்தான் எழுதுவோம்.

நடப்பது இதற்கு நேரெதிர். ஒருவர் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகிறார், இன்னொருவர் ஓய்வுபெறுகிறார். அவர்களுடைய பாடங்கள் அப்படியே புதிதாகச் சேர்ந்தவர் தலையில் வந்து விழும். சீனியர்கள் பத்து வருடமாகப் படிப்பித்த பாடத்தைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். மிஞ்சுவது யாரும் விரும்பாத பாடங்கள், மூன்றும் புதிது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கை முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து பலர் வெளிக்கிட்டுப் போனார்கள். இருந்தவர்கள் அந்தப் பாரத்தைச் சேர்த்துச் சுமந்தார்கள். அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் பார்த்து "முந்தி இருந்த சேர் மாதிரி இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. முந்தி இருந்த சேர் அந்தப் பாடத்தை எட்டாவது தடவையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவர்.

விடைத்தாள் கட்டைப் பற்றிக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல விரிவுரையாளர்களும் தடுக்கி விழும் இடம் அது. 120 தாளை முதலில் இருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக முழுதாகத் திருத்துவதுதான் பலருடைய பழக்கம். அதில் இரண்டு பிழை வரும். முதல் வினாவை ஒரு பிள்ளை நன்றாக எழுதியிருந்தால் இரண்டாம் வினாவுக்கும் கை தானாக இளகும். இரண்டாவது, பத்தாவது தாளில் இருந்த அளவுகோல் தொண்ணூறாவது தாளில் இருக்காது. களைப்பில் சிலர் இறுகுவார்கள், சிலர் தாராளமாவார்கள். சரியான முறை இது: சுட்டெண்ணை மடித்து மறைத்துக்கொண்டு எல்லாத் தாளிலும் முதலாம் வினாவை மட்டும் திருத்துங்கள். பிறகு கட்டைக் குலைத்து அடுக்கி இரண்டாம் வினாவுக்குப் போங்கள். ஒரு வினாவில் 40 தாள் முடிந்ததும் எழும்பி நடங்கள். வினா முழுவதும் முடிந்ததும் முதல் ஐந்து தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அநேகமாக அவற்றுக்குத்தான் அளவுகோல் வேறாக இருந்திருக்கும், ஏனென்றால் பிள்ளைகள் அந்த வினாவை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று அப்போது உங்களுக்கே தெரியாது. புள்ளித்திட்டத்தை வினாத்தாளோடு சேர்த்தே எழுதாமல், தாள் கட்டு வந்த பிறகு எழுதினால் இந்த வேலை ஒன்றரை மடங்காகும். இரண்டாம் பரீட்சகர் பார்க்கும்போது புள்ளி வித்தியாசம் வருவதும் அங்கேதான்.

திருத்தி முடிக்காத கட்டோடு அடுத்த செமஸ்டருக்குள் நுழைகிற விரிவுரையாளர் முதல் நான்கு கிழமையும் தயாரிப்பில்லாமல்தான் வகுப்புக்குப் போவார். பாடத்தின் அத்திவாரம் போடுகிற கிழமைகள் அவை. செமஸ்டர் சுருங்கும்போது இது இன்னும் மோசமாகும். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. அப்படி ஒரு இடைவெளிக்குப் பிறகு விட்ட பாடத்தை நெருக்கி முடிக்க வேண்டும் என்றால் குறைவது விரிவுரை மணித்தியாலம் அல்ல, அதைச் சுற்றியுள்ள தயாரிப்பும் பிள்ளைகளோடு பேசுகிற நேரமும்தான்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளம் குறைந்தால் ஆட்கள் போய்விடுகிறார்கள். கூடினால் மட்டும் படிப்பித்தல் திருந்துவதில்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் நின்ற வேலைநிறுத்தத்தில் சம்பளத்தோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்திருந்தது. அந்த இரண்டாவது கோரிக்கைதான் வகுப்பறைக்குள் வருவது: ஆய்வுகூட உபகரணம், நூலகம், ஆளணி.

திருகோணமலையில் இவற்றோடு சேரும் சில விடயங்கள் கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் வளாகமானது. நகரத்தில் இருந்து உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியால் போனால் கோணேசபுரியில் இருக்கிறது. தாய்ப் பல்கலைக்கழகம் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில், நூறு கிலோமீற்றருக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மூதூர், வெருகல் பக்கத்துப் பாலங்களும் வந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. என்றாலும் வந்தாறுமூலையில் காலையில் ஒரு கூட்டம் என்றால் அன்றைய நாள் முடிந்தது. ஒரு மணித்தியாலக் கூட்டத்துக்கு எட்டு மணித்தியாலம் செலவு. இணையவழிக் கூட்டம் பழகிய பிறகும் ஆளை நேரில் கூப்பிட்டால், அந்த நாளை அவர் எந்த வகுப்பில் இருந்து எடுத்தார் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று குடும்பம். இங்கே வேலை செய்கிறவர்களில் பலருக்கு வீடு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்காக நேரசூசி வெறுமையாக இருக்க வேண்டும், இருக்கிறது. அதோடு சேர்ந்து வெள்ளி பின்னேரம் முழுவதும் கலைந்துவிடும். திங்கள் காலை வந்து சேர்ந்தவருக்கு நித்திரை போதாது. ஆகவே உண்மையில் படிப்பிக்கும் கிழமை திங்கள் பத்து மணியில் இருந்து வியாழன் வரைதான். எல்லா விரிவுரையும் அதற்குள் அடைக்கப்படுவதால் மூன்று மணித்தியாலம் ஒரே இழுவையாகப் போடுவார்கள். மூன்றாவது மணித்தியாலத்தில் படிப்பிக்கிறவரும் இல்லை, படிக்கிறவரும் இல்லை. இரண்டும் ஒன்றுமாக இரு நாட்களுக்குப் பிரித்துப் போட்டால் அதே 45 மணித்தியாலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வாசிக்கக் கிடைக்கும், அடுத்த வகுப்புக்குக் கேள்வியோடு வருவார்கள். ஆட்களைக் குறைசொல்லித் திருத்த முடியாத விடயம் இது. வளாகத்துக்குக் கிட்ட இருந்து வாழக்கூடிய விடுதியும், பிள்ளைகளைச் சேர்க்க ஒரு நல்ல பாடசாலையும் கிடைத்தால் வெள்ளிக்கிழமை தானாகத் திரும்பி வரும்.

வருகைதரு விரிவுரையாளர்களின் நிலை இதைவிடக் கடினம். கொழும்பில் இருந்து இரவு ரயிலில் வருகிற ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறு ஆறு மணித்தியாலம் எடுத்தால் நான்கு வார இறுதியில் 45 மணித்தியாலமும் முடிந்துவிடும். கணக்குச் சரி. ஆனால் இடைப்பரீட்சை வைத்து, திருத்தி, எங்கே பிழை என்று சொல்லித்தர இடைவெளி இல்லை. அவசியம் என்றால் நான்கு வார இறுதியையும் செமஸ்டர் முழுவதற்கும் பரப்பிப் போட வேண்டும்: 2ஆம், 6ஆம், 10ஆம், 14ஆம் கிழமைகள். இடையில் துறையில் இருக்கும் உதவி விரிவுரையாளர் ஒருவர் கிழமைக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். செலவு ஒன்றும் கூடப்போவதில்லை, பயணப்படி அதேதான்.

வெக்கை. கச்சான் என்கிற வறண்ட சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் இரண்டு மணி வகுப்பை நினைத்துப் பாருங்கள். மல்டிமீடியா எழுத்துத் தெரிய வேண்டும் என்று திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். மூடியதும் காற்று நின்றுவிடும். காற்றுக்குத் திறந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. மின்விசிறி எல்லாவற்றையும் முழு வேகத்தில் போட்டால் நான்காவது வரிசைக்கு அப்பால் குரல் போகாது. விரிவுரையாளர் கத்துவார், கிழமை முடிவில் தொண்டை அடைத்துவிடும். குரல் கம்மியவர் கேள்வி கேட்பதைக் குறைத்து ஸ்லைட்டை வாசிக்கத் தொடங்குவார். பிள்ளைகள் அதைத்தான் "சேர் ஸ்லைட் வாசிக்கிறார்" என்று சொல்வார்கள். கழுத்தில் மாட்டும் சிறிய மைக்கும் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, 28 புள்ளி அளவுக்குக் குறையாமல், ஒரு ஸ்லைட்டில் ஆறு வரி என்று வைத்தால் திரைச்சீலையை அரைவாசி திறந்து வைக்கலாம். குளிரூட்டி உள்ள கணினிக்கூடத்தைக் காலையில் பயன்படுத்திவிட்டுப் பின்னேரம் பூட்டி வைக்கும் வழக்கத்தை மாற்றி, செய்முறையைப் பின்னேரத்துக்கும் விரிவுரையைக் காலைக்கும் தள்ளினால் மீதி தீரும். நேரசூசி போடுகிறவர் இதை ஒரு தடவை யோசித்தால் போதும்.

மொழி இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்த பிள்ளை முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரையில் வந்து உட்காருகிறது. தமிழில் விளக்கினால் சிங்களப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். ஆங்கிலத்திலேயே போனால் இருபகுதியிலும் பாதிப்பேர் வெளியே. எவ்வளவு கெட்டிக்கார விரிவுரையாளரும் இங்கே தோற்றுப்போவார், தோற்பது தெரியாமலே தோற்பார், ஏனென்றால் வகுப்பு அமைதியாக இருக்கும்.

ஒரு உதாரணம். புள்ளிவிபரவியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல். பிள்ளை அதை அகராதியில் பார்த்து 'முக்கியமான' என்று எழுதி வைத்திருக்கும். பரீட்சையில் பி மதிப்பு 0.03 என்று வந்ததும் "இந்த மருந்து மிக முக்கியமானது" என்று ஆங்கிலத்தில் எழுதும். திருத்துகிறவர் பிள்ளைக்குக் கோட்பாடு விளங்கவில்லை என்று முடிவெடுத்துப் புள்ளியைக் குறைப்பார். உண்மையில் விளங்காதது ஒரே ஒரு சொல்: தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, வித்தியாசம் பெரிதா முக்கியமா என்பதைச் சொல்லவில்லை. இன்னொன்று வினாச்சொற்கள். 'டிஸ்கஸ்' என்று கேட்டால் இரு பக்கத்தையும் வைத்து வாதிட வேண்டும். 'டிஸ்கிரைப்' என்றால் உள்ளதை விபரித்தால் போதும். முதலாம் வருடத்தில் அநேகம் பேர் இரண்டுக்கும் ஒரே விடைதான் எழுதுவார்கள். ஒரு வினாவுக்கு 25 புள்ளி என்றால் பத்துப் புள்ளி இதிலேயே போய்விடும்.

இதற்கு வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமைக்குரிய பதினைந்து சொற்களை மூன்று மொழியிலும் ஒரு தாளில் கொடுங்கள். சிங்களச் சொல்லுக்குத் துறையில் உள்ள சிங்கள சகாவிடமோ மாணவரிடமோ கேளுங்கள். விரிவுரையில் அந்தச் சொல் முதல் தடவை வரும்போது பலகையில் எழுதி நிறுத்துங்கள். முதல் இடைப்பரீட்சையை ஐந்தாம் கிழமையில் வைத்து, புள்ளி சேர்க்காமல், வினாச்சொல்லுக்கு ஏற்ற விடையா என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். முதல் செமஸ்டரில் இதற்குப் போகும் மணித்தியாலம் அடுத்த ஏழு செமஸ்டரிலும் எல்லா விரிவுரையாளருக்கும் மிச்சமாகும். அதனால் முதலாம் வருட வகுப்பைத் துறையின் ஆக அனுபவசாலியிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆகப் புதியவரிடம்தான் போகிறது.

புதியவர் என்றதும் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எட்டு வருடத்துக்குள் பட்டப்பின் தகைமை பெற்று நியமனத்தை உறுதிப்படுத்த வேண்டும். படிப்பிக்கப் பழக்கும் ஆரம்பப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அவரிடம்தான் பரீட்சை ஒழுங்கமைப்பு, இணையத்தளம், கலைவிழா, விளையாட்டுப்போட்டி, தர உறுதிப்பாட்டு ஆவணக் கோப்பு எல்லாம் கொடுக்கப்படும்; 'இல்லை' என்று சொல்ல அவரால் முடியாது. முதல் இரண்டு வருடமும் இப்படியே போனால் மேற்படிப்புக்கான முன்மொழிவு எழுத மூன்றாம் வருடம் ஆகிவிடும். பிறகு அவசரம். அவசரத்தில் கிடைத்த இடத்தில் கிடைத்த தலைப்பில் பதிந்தவர்கள் வகுப்பிலும் அந்தப் பதற்றத்தோடுதான் நிற்பார்கள்.

பதவி உயர்வில் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பல்கலைக்கழக சேவைக்கும் புள்ளி உண்டு. ஆனால் ஆய்வை எண்ணலாம், நல்ல விரிவுரையை எண்ணுவது கஷ்டம். எண்ணக்கூடியதன் பக்கம் ஆட்கள் சாய்வது இயல்பு. நல்ல ஆய்வாளர் தானாகவே நன்றாகப் படிப்பிப்பார் என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. 1996இல் ஹற்றி, மார்ஷ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையிலான இணைவுக் குணகம் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.06தான் வந்தது. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் வளர்க்க வேண்டும்.

அப்படியென்றால் படிப்பித்தலை எப்படி அளப்பது? இப்போது நடப்பது கடைசிக் கிழமையில் மாணவரிடம் ஒரு படிவம் கொடுத்து ஒன்றில் இருந்து ஐந்துக்குள் புள்ளி போடச் சொல்வது. 2017இல் உட்ல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு, மாணவர் அதிக புள்ளி போட்ட ஆசிரியரிடம் மாணவர் அதிகம் கற்றார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்பில் செய்த ஆய்வில், தாமே கணக்குச் செய்து பழகிய பிள்ளைகள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். கஷ்டப்பட்டுப் படிப்பது கஷ்டமாகத்தானே தெரியும். 2014இல் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளை ஒப்பிட்டதில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். படிவப் புள்ளிக்குப் பயந்து ஒரு விரிவுரையாளர் இலகுவான வழிக்குப் போனால் நட்டப்படுவது பிள்ளைகள்.

மாணவர் கருத்தைக் கேட்க வேண்டாம் என்பதில்லை. நான்காம் கிழமையில் கேளுங்கள். அரைத்தாள், பெயர் வேண்டாம், மூன்று கேள்வி: எது விளங்கியது, எது விளங்கவில்லை, எதை மாற்றினால் உதவி. 120 தாளை ஒரு மணித்தியாலத்தில் வாசித்துவிடலாம். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் "இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது" என்று சொல்லுங்கள். கடைசிக் கிழமைப் படிவம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமும் தராது.

சக விரிவுரையாளர் வந்து வகுப்பைப் பார்ப்பதும் இங்கே சடங்காகிவிட்டது. முன்வரிசையில் பத்து நிமிடம் இருந்து 'நன்று' என்று எழுதிக் கையொப்பம். பின்வரிசையில் ஐம்பது நிமிடமும் இருக்க வேண்டும். தாளில் நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, அந்த நிமிடம் பேசியது யார் என்று மட்டும் குறிக்க வேண்டும். கூடவே, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விரிவுரையாளர் எத்தனை செக்கன் காத்திருந்தார் என்று எண்ண வேண்டும். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் காத்திருந்தார்கள்; அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் விடை கட்டுகிற பிள்ளைக்கு மூன்றும் போதாது, ஏழெட்டு வேண்டும். அந்தத் தாளை வகுப்பு முடிந்ததும் கன்ரீனில் ஒரு தேத்தண்ணியோடு இருவரும் இருந்து பார்க்க வேண்டும், கோப்பில் போடக்கூடாது. கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் உண்மையான வகுப்பைக் காட்ட மாட்டார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை துறைத்தலைவர் கையில் இருக்கின்றன. அவருக்கு மூன்று வருடம். முதல் செமஸ்டர் தொடங்க இரண்டு கிழமை முன்னர் அவர் ஒரே ஒரு அட்டவணை போட வேண்டும்: இடப்பக்கம் பெயர், பிறகு பழைய பாடம், புதுப் பாடம், வகுப்பில் எத்தனை பேர், மொத்த விடைத்தாள், செய்முறை மணித்தியாலம், மேற்பார்வை செய்யும் ஆய்வேடுகள், குழுவேலைகள், மேற்படிப்பில் எந்த வருடம். நிர்வாகம் வரை போகத் தேவையில்லை, ஒரு எக்செல் தாள் போதும். அதைத் துறைக்கூட்டத்தில் எல்லோரும் பார்க்கத் திரையில் போட வேண்டும். ஒருவர் வரிசையில் 700 விடைத்தாளும் இன்னொருவர் வரிசையில் 90உம் இருப்பது எல்லார் கண்ணிலும் படும்போது, யாரும் எதுவும் சொல்லாமலே ஒரு பாடம் கை மாறும்.